கமலா பாகான் மதிலுக்கு வந்த வரும்படி

வைத்தீஸ்வரன் கல்கத்தாவுக்கு வந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினாலு வருஷத்தில் பதினோரு வாடகை வீடு. அவர் மனைவி ராஜலக்ஷ்மிக்கு வருஷமும் மாசமும் நினைவில் நிற்பதில்லை. வீடுதான் அவளுக்குப் பஞ்சாங்கம். "மூத்தவன் பொறந்தது பொகை வீட்டுல. சின்னவன் எலி வீட்டுல. எங்க மாமனார் தவறினது அந்தச் சண்டைக்காரி மாடியில" என்பாள். கேட்கிறவர்களுக்கு இந்தக் குடும்பம் மாட்டு வண்டியிலேயே பிறந்து வளர்ந்தது போலத் தோன்றும்.

சர்க்கார் தலைநகரத்தை டில்லிக்குத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த வருஷம் கல்கத்தாவில் மனை விலை கொஞ்சம் இறங்கியது. பாலிகஞ்ச் பக்கத்தில் தத்தா பாபு என்கிற பணக்காரர் தன் தோட்டத்தை ஒன்பது மனையாகப் பிரித்து விற்கிறார் என்று காதில் விழுந்ததும் வைத்தீஸ்வரன் ஓடினார். ஆபீஸில் கடன் வாங்கி, ராஜலக்ஷ்மியின் ஒட்டியாணத்தை விற்று, மனை வாங்கி வீடும் கட்டிவிட்டார். இடத்துக்குப் பெயர் கமலா பாகான். நடுவே ஒரு குளம், கரையில் கிருஷ்ணசூடா மரங்கள், எல்லாவற்றையும் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் ஒரு மதில். வைத்தீஸ்வரன் வீட்டு முன் ஜன்னலைத் திறந்தால் குளம் தெரியும், மரம் தெரியும், அதற்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று மேற்கு மதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஜன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காப்பி ஆறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவருக்கு சர்க்கார் கணக்குத் தணிக்கை ஆபீஸில் சூப்பரின்டெண்ட் உத்தியோகம். பிறத்தியார் எழுதின காகிதத்தில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம். எந்த பில்லைக் கொடுத்தாலும் கால் மணி நேரத்தில் ஓட்டையைக் காட்டிவிடுவார். தன் மனைப் பத்திரத்தில் பதினேழாவது ஷரத்தை மட்டும் கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள்தான் படித்தார்.

தோட்டமும் குளமும் மதிலும் ஒன்பது வீட்டுக்கும் பொது, பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு என்று ஆரம்பித்தது அந்த ஷரத்து. அதுவரைக்கும் நியாயம்தான். மேலே படித்தால், வருஷா வருஷம் வங்காளிகளுக்கு வருஷம் பிறக்கிற பைசாக் மாதம் முதல் தேதி தத்தா பாபுவின் குமாஸ்தா வந்து பார்வையிடுவார், அன்று மதில் எந்த இடத்திலாவது இடிந்து கிடந்தால் தோட்டமும் குளமும் தத்தா பாபுவுக்கே திரும்பிவிடும் என்று இருந்தது. அந்த இடத்தை எப்போது கிடைத்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு தோல் வியாபாரி தத்தா பாபுவிடம் சொல்லிவைத்திருப்பதும் பிற்பாடு தெரிய வந்தது. பச்சைத் தோல் காயவைக்கிற கிடங்கு போடுவதற்கு.

"ஜன்னலுக்கு நேரேயா?" என்றாள் ராஜலக்ஷ்மி.

"ஜன்னலுக்கு நேரே."

"அப்போ மறுபடி மூட்டை கட்டணுமா?"

வைத்தீஸ்வரன் பத்திரத்தை மடித்து வைத்தார். கடன் அடைய இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது.

முதல் மழைக்காலத்திலேயே மதில் எட்டு அடிக்கு உட்கார்ந்துவிட்டது. வைத்தீஸ்வரன் ஒன்பது வீட்டாரையும் கூட்டினார். வீட்டுக்கு மாதம் ஒரு ரூபாய், நிரந்தர நிதி, அதிலிருந்து மதிலையும் மரத்தையும் காலாகாலத்துக்கும் பார்த்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டார்கள். எல்லாரும் கை தூக்கினார்கள். தூக்கின கை சட்டைப்பைக்குப் போகவில்லை.

கேட்டுக்குப் பக்கத்து வீடு சந்தானத்தினுடையது. அவருக்கு பேங்கில் வேலை. பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் நோட்டு எண்ணிப் போடுகிற மாதிரி போடுவார். "ஸ்வாமி. என் வீட்டண்டை. மதில் இல்லை. கேட்தான் இருக்கு. கேட்டுக்கு. வசூல் பண்றச்சே. வாரும்."

ஸ்ரீனிவாசராகவன் செக்ரடேரியட்டில் பெரிய உத்தியோகஸ்தர். கமலா பாகானுக்கு அவர்தான் பிரசிடெண்ட். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பார். "கொள்கையளவில நான் சம்மதம் ஓய். ஆனா மதில்னா என்ன? அஸ்திவாரம் சேர்த்தியா, சேராமலா? அதை முதல்ல நிர்ணயம் பண்ணுங்கோ."

மூன்றாவது வீடு டாக்டர் முகர்ஜியுடையது. "ஆரே பொய்தீஷ் பாபு! நிஷ்சொய் தேபோ! பொஷுன், பொஷுன், ஷொந்தேஷ் கான்!" கட்டாயம் தருகிறேன், உட்காருங்கள், ஸந்தேஷ் மிட்டாய் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். வைத்தீஸ்வரன் ஐந்து தடவை போய்ப் பதினாலு ஸந்தேஷ் சாப்பிட்டார். ரூபாய் வரவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் சொல்லிவைத்தாற்போல, "இந்த மூணு பேரும் குடுக்கட்டும், பின்னாலயே நாங்க" என்றார்கள்.

வைத்தீஸ்வரனுக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் ரிமைண்டர். வீடு வீடாக எழுதினார், நம்பர் போட்டு. ரிமைண்டர் நம்பர் நாலை ஸ்ரீனிவாசராகவன் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் சிவப்பு மையில், 'நம்பர் மூன்றின் நகல் எங்கே?'

வைத்தீஸ்வரனும் விடவில்லை. நிதி வருகிறதோ இல்லையோ, நாளைக்கு யாராவது அதைக் கையாடிவிடக் கூடாதே என்று விதிகள் எழுதினார். பணம் சந்தானத்தின் பேங்கில் இருக்க வேண்டும். பிரசிடெண்ட், செக்ரட்டரி இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் ஒரு பைசா எடுக்கக் கூடாது. எஸ்டிமேட் இல்லாமல் பிரசிடெண்ட் கையெழுத்துப் போடக் கூடாது. செக்ரட்டரி வைத்தீஸ்வரன்தான். வேறு யார் செய்வார்கள்?

"ஏன்னா, இந்த ஊர்லே அந்தப் பணத்தைத் தொடப்போறது நீங்க ஒருத்தர்தானே? உங்களை நீங்களே நம்பலையா?" என்றாள் ராஜலக்ஷ்மி.

"நம்பிக்கைங்கறது வேற, தணிக்கைங்கறது வேற."

கடைசியில் பூஜைக்குத் துணி எடுக்க வைத்திருந்த பணத்தைப் போட்டு இடிந்த எட்டு அடியைக் கட்டி, மேற்கு மதில் முழுக்க வெளிப்புறம் புதுப் பூச்சும் பூச வைத்தார். கார்த்திகை மாதம் ஒரு நாள் ஆபீஸ் போவதற்காக ரயிலடிக்கு நடந்தவர், மதிலைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

மதிலைக் காணோம். தரையிலிருந்து உச்சிவரை வறட்டி. வட்ட வட்டமாக, வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் பதிந்து முந்நூறுக்குக் குறையாது. கடைசி வறட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு. பக்கத்து மாட்டுக் கொட்டிலில் இருக்கிற பீகார்க்காரி பார்பதியா.

வைத்தீஸ்வரனுக்கு ஹிந்தி அவ்வளவாக வராது. கோபம் வந்தால் வருகிற கொஞ்சமும் போய்விடும். "ஏ பாயீ! யே தீவார் ஹமாரா ஹை! தும் ஏன் சாணி மார்தா ஹை?"

அவள் கையைக்கூட நிறுத்தவில்லை. "தீவார் தும்ஹாரா, பாபுஜி. தூப் கிஸ்கா?"

மதில் உன்னுடையது சரி, வெயில் யாருடையது? வைத்தீஸ்வரன் பதினாலு வருஷமாக ஆட்சேபணை எழுதிப் பிழைத்தவர். அவர் கை தானாகச் சட்டைப்பையில் பென்சிலைத் தேடியது.

சத்தம் கேட்டு ராஜலக்ஷ்மி வந்தாள். வந்தவள் மதிலைப் பார்க்கவில்லை, வறட்டியைப் பார்த்தாள். கமலா பாகானில் ஒன்பது வீட்டிலும் கரி அடுப்பு. கரி பற்றிக்கொள்ள அடியில் வறட்டி வேண்டும். ஒன்பது வீட்டுக்கும் வறட்டி போடுகிறவள் இந்தப் பார்பதியாதான்.

"இவளைத் துரத்தினேள்னா நாளைக்குக் காப்பி கிடையாது" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, அவள் பார்பதியா பக்கம் திரும்பினாள். அவளுடைய ஹிந்தி பதினோரு வீட்டுக் குழாயடியில் கற்றது. அதனால் கணவனுடையதைவிட நூறு மடங்கு உசத்தி. "அந்தத் தெரு பட்டாசார்யா மதிலுக்கு என்ன வாடகை குடுக்கறே?"

"மாசம் ரெண்டு ரூபா, பஹுஜி."

"அது பழைய மதில், பொரிஞ்சு கொட்டறது. வறட்டியிலே பாதி மண்ணு ஒட்டிண்டு வரது. இது புதுப் பூச்சு. சாயங்காலம் வரைக்கும் வெயில். மூணரை."

மூன்றில் முடிந்தது. வைத்தீஸ்வரன் அன்றைக்கு ரயிலைத் தவறவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் ஒன்பது வீட்டாரும் தாங்களாகவே கூடினார்கள். சந்தாவுக்குக் கூப்பிட்டபோது வராத வேகம். "கௌரவமான. மனுஷா. இருக்கிற இடம்" என்று சந்தானம் எண்ணி வைத்தார். முகர்ஜி, "சீ சீ சீ சீ" என்று மூக்கில் துணியை வைத்துக்கொண்டார்.

"இந்த மூணு ரூபா வந்தா வீட்டுச் சந்தா வேண்டாம்" என்றார் வைத்தீஸ்வரன்.

முகர்ஜி மூக்கிலிருந்து துணியை எடுத்தார். ஸ்ரீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். "சாணிங்கறது என்ன ஓய்? பஞ்சகவ்யத்துல ஒண்ணு. பவித்ரம். அது நம்ம மதில்ல இருக்கறதுக்கு நாமன்னா புண்யம் பண்ணியிருக்கணும்?"

"வாஸ்தவம்" என்றார் சந்தானம், ஒரே மூச்சில்.

அதிலிருந்து தெருப் பையன்கள் வைத்தீஸ்வரனுக்கு 'குண்ட்டே பாபு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வங்காளத்தில் வறட்டிக்கு குண்ட்டே என்று பெயர். மாதா மாதம் மூன்று ரூபாய் பேங்குக்குப் போயிற்று. பங்குனிக்குள் பதினைந்து ரூபாய் சேர்ந்துவிட்டது. ஆபீஸில் லட்சக்கணக்கில் பார்க்கிறவர், இந்தப் பதினைந்து ரூபாயைப் பற்றி ராஜலக்ஷ்மியிடம் தினம் பேசினார்.

பைசாக் முதல் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடையில் கல்கத்தாவுக்கு வருகிற கால்பைசாகிக் காற்று. அரை மணி நேரம்தான் அடித்தது. அடித்து ஓய்ந்தபோது ஒரு கிருஷ்ணசூடா மேற்கு மதில் மேல் படுத்திருந்தது. மதிலில் பதினாறு அடி தெருவில் கிடந்தது.

கொத்தனார் வந்து பார்த்தான். "பதினாலு ரூபாய். மொத்தமும் முன்பணம்."

பதினைந்து ரூபாய் பேங்கில் இருந்தது. பிரசிடெண்ட் ஸ்ரீனிவாசராகவன் கும்பகோணத்தில் இருந்தார், பெண் கல்யாணத்துக்காக. வைத்தீஸ்வரன் தந்தி அடித்தார்: 'மதில் விழுந்தது. பணம் எடுக்கச் சம்மதம் தேவை. அவசரம்.' மறுநாள் பதில் வந்தது: 'எஸ்டிமேட் அனுப்பவும். முறைப்படி.'

தபால் கும்பகோணம் போய்த் திரும்ப ஒரு வாரம் ஆகும். சந்தானத்திடம் ஓடினார்.

"ரெண்டு. கையெழுத்து. இருக்கணும்" என்றார் சந்தானம். "விதி. யார் எழுதினா?"

"நான்தான் எழுதினேன் ஓய்! இப்போ நான்தான் கேக்கறேன்!"

"அதனாலதான். ரொம்ப ஜாக்கிரதையா. இருக்கணும்."

கைமாற்றாகக் கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில்: "அதான் நிதி இருக்கே, கையிலேந்து எதுக்கு?" முகர்ஜி ஸந்தேஷ் கொடுத்தார். அன்றைக்கு வைத்தீஸ்வரன் அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். வைத்தீஸ்வரன் கையில் மாதக் கடைசி வரைக்கும் இருந்தது ஏழு ரூபாய். வீட்டுக்கு வந்தால், ராஜலக்ஷ்மி பெரிய டிரங்குப் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அது?"

"ஒண்ணுமில்லே. பூச்சி அரிச்சிருக்கான்னு பாத்தேன்."

அவர் திரும்பிப் போய் இடிந்த மதில் பக்கத்தில் ஒரு செங்கல் மேல் உட்கார்ந்துகொண்டார்.

தெருப் பக்கத்திலிருந்து ஒரே கூச்சல். பார்பதியா. அவளுடைய நூறு வறட்டி இடிபாட்டுக்குள் நொறுங்கிக் கிடந்தது. "மாச வாடகை முன்னாலயே வாங்கிண்டே இல்லையா, பாபுஜி? மதில் எங்கே? வெயில் இருக்கு, மதில் எங்கே? என் மூணு ரூபாயைத் திருப்பு!"

"ரீஃபண்டுக்கும் ரெண்டு கையெழுத்து வேணும்" என்றார் வைத்தீஸ்வரன் தமிழில், ஆகாசத்தைப் பார்த்து.

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஆள் அழுகிற மாதிரி இருக்கிறான் என்பது புரிந்தது. எதிரே இன்னொரு செங்கல் மேல் உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். வைத்தீஸ்வரன் தன் ஹிந்தியில் சொன்னார். ஷரத்து, குமாஸ்தா, தோல் கிடங்கு. தோல் கிடங்கு வந்தால் மதிலோரமெல்லாம் அவர்கள்தான் தோல் காயப்போடுவார்கள் என்பது மட்டும் அவளுக்குச் சட்டென்று விளங்கியது.

"என் கொழுந்தன் செங்கல் சூளையில இருந்தவன்" என்றாள். "மருமகன் ரெண்டு பேர் இருக்காங்க. கல்லு இங்கேயே கிடக்கு. சுண்ணாம்பும் செங்கல்தூள் சுர்க்கியும் நீ வாங்கிக் குடு. கூலி வேண்டாம்."

வைத்தீஸ்வரன் நிமிர்ந்தார். கூலி வேண்டாம் என்கிற பில்லை அவர் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. "பதிலுக்கு?"

பார்பதியா உள்பக்கம் எட்டிப் பார்த்தாள். குளம், மரம், அதன்மேல் வந்து விழுகிற காலை வெயில். "வெளியில எனக்கு மத்யானத்துக்கு மேலதான் வெயில். உள்ளே விடிஞ்சதிலேர்ந்து இருக்கு. அந்தப் பக்கமும் எனக்கு."

அந்தப் பக்கம் என்றால் அவருடைய ஜன்னலுக்கு நேரே இருந்த பக்கம்.

"எத்தனை வருஷத்துக்கு?"

"சூரியன் இருக்கறவரைக்கும்."

"அவ்வளவு லாங் லீஸுக்கு எனக்கு அதிகாரம் இல்லே. மூணு வருஷம்."

"பத்து."

"அஞ்சு."

"ஏழு. இல்லேன்னா நான் பட்டாசார்யா மதிலுக்குப் போறேன்."

வைத்தீஸ்வரன் தன் விதிகளை மனசுக்குள் புரட்டினார். பணத்துக்குத்தான் விதி இருந்தது. மதிலின் உள்பக்கத்துக்கு விதியே இல்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல், நகல் எடுக்காமல், நம்பர் போடாமல், "சரி" என்றார். சொல்லிவிட்டு வேஷ்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

சுண்ணாம்பும் சுர்க்கியும் ஆறேகால் ரூபாய் ஆயிற்று. இரண்டு நாள் வேலை நடந்தது. வைத்தீஸ்வரன் ஆபீஸுக்கு லீவு போட்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கல் எடுத்துக் கொடுத்தார். பார்பதியாவின் கொழுந்தன் அவரை ஓயாமல் விரட்டினான். "ஏ பாபு, ஜல்தி! அது இல்லே, முழுக் கல்லு! கண்ணு எங்கே?" அவரிடம் இப்படிக் குற்றம் கண்டுபிடித்தவர்கள் ஆபீஸில் யாரும் கிடையாது. சந்தானம் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "நன்னா. வரது" என்று சொல்லி உள்ளே போனார். குமாஸ்தா வருவதற்கு முந்தின நாள் இருட்டுகிற நேரத்துக்குக் கடைசி வரிசைக் கல் ஏறியது.

பைசாக் முதல் தேதி. தமிழர்களுக்கும் அன்றுதான் வருஷப் பிறப்பு. ராஜலக்ஷ்மி வேப்பம்பூப் பச்சடி பண்ணியிருந்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டாரே தவிர, வைத்தீஸ்வரன் வாயில் வைக்கவில்லை. ஒன்பது மணிக்குத் தத்தா பாபுவின் குமாஸ்தா வந்தார். கஞ்சி போட்ட வேஷ்டி, கையில் குடை. பின்னாலேயே தோல் வியாபாரி, இடத்தை அளக்க நூல்கயிற்றோடு.

குமாஸ்தா தோட்டத்துக்குள் மதிலோரமாகவே நடந்தார். மேற்கு மதிலில் புதுசாகக் கட்டின இடம் வந்ததும் நின்று, குடை நுனியால் ஒரு குத்து. நுனி சுண்ணாம்போடு வந்தது.

"பிஜே!" என்றார் குமாஸ்தா. ஈரம்!

"ஈரம்தான்" என்றார் வைத்தீஸ்வரன். "இடிஞ்சு கிடக்கான்னுதான் ஷரத்து கேக்கறது. ஈரமான்னு கேக்கலை."

"நிக்குதான்னு பார்க்கலாம்" என்று குடையைத் தோல் வியாபாரி கையில் கொடுத்துவிட்டு, குமாஸ்தா இரண்டு உள்ளங்கையையும் மதிலில் வைத்தார். வைத்துத் தள்ளினார்.

வைத்தீஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். காய இன்னும் நாலு நாளாவது வேண்டும் என்று கொழுந்தன் சொல்லியிருந்தான்.

மதில் அசையவில்லை. குமாஸ்தா தோளைக் கொடுத்து முக்கினார். மதில் அசையவில்லை. ஆனால் இருமியது.

குமாஸ்தா சட்டென்று விலகினார். "யார் இருமறது?"

"தெருவுல யாராவது போவா" என்றார் வைத்தீஸ்வரன். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி வளையல் உரசுகிற சத்தம், ஒன்றல்ல, பத்துக் கை வளையல். ஒரு சிரிப்பு கிளம்பி, யாரோ வாயைப் பொத்தியதும் நின்றது. கொட்டில் ஜனம் முழுக்க வந்து மதிலுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

குமாஸ்தா மறுபடி தோளைக் கொடுத்தார். "ஹூம்" என்றது மதில்.

"பேய்க் கட்டடம்!" என்று சொல்லிக் குமாஸ்தா சட்டையைத் தட்டிக்கொண்டார். புஸ்தகத்தை விரித்து, 'மதில் முழுசாக நிற்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தோல் வியாபாரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனான். வைத்தீஸ்வரன் ஓட்டமாக வீட்டுக்குப் போய், இரண்டு கிண்ணம் பச்சடியை நின்றபடியே சாப்பிட்டார். ராஜலக்ஷ்மி டிரங்குப் பெட்டியைக் காலால் மூலைக்குத் தள்ளினாள்.

சாயங்காலம் ஒன்பது வீட்டாரும் கூடி அவருக்கு மாலை போடுவதாக இருந்தது. உள்பக்கத்து ஏற்பாடு அதற்குள் தெரிந்துவிட்டது. "தோட்டத்துக்குள்ளயா! யாரைக் கேட்டுண்டு குடுத்தேள்?" என்று எல்லாரும் ஒரே குரலில் பிடித்துக்கொண்டார்கள்.

"வேண்டாம்னா வீட்டுக்கு ஒரு ரூபா போடுங்கோ. அவ கூலியைக் குடுத்து ரத்து பண்ணிடறேன்" என்றார் வைத்தீஸ்வரன்.

முகர்ஜிக்கு ஒரு நோயாளி காத்திருந்தது ஞாபகம் வந்தது. சந்தானம், "யோஜிக்கலாம். யோஜிக்கலாம்" என்றார். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மாலையை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று தெரியவில்லை.

மறுநாள் விடிகாலையில் 'தப், தப்' என்று சத்தம் கேட்டு வைத்தீஸ்வரன் ஜன்னலைத் திறந்தார். குளத்துக்கு அந்தப் பக்கம் பார்பதியா மதிலின் ஒரு கோடியிலிருந்து வறட்டி தட்டிக்கொண்டு வந்தாள். ஜன்னலுக்கு நேராக வர இன்னும் பத்தடி இருந்தது. சட்டையைக்கூடப் போடாமல் ஓடினார்.

"பாயீ, இந்த ஜன்னலுக்கு நேரே மட்டும், இவ்வளவு, இதோ இவ்வளவு இடம் சும்மா விட்டுடேன்."

பார்பதியா ஜன்னலைப் பார்த்தாள். மதிலைப் பார்த்தாள். அவர் காட்டின அகலத்தைத் தன் முழங்கையால் அளந்தாள். "இதுல முப்பது வறட்டி காயும், பாபுஜி."

"சரி."

"முப்பது வறட்டியை நான் எங்கே தட்டறது?"

"அதனாலே?"

"மாசம் நாலணா" என்றாள் பார்பதியா.

அவர் கொடுத்தார். ஏழு வருஷமும் கொடுத்தார், ஒவ்வொரு மாதமும் முதல் தேதியே. கமலா பாகானில் அந்த மதிலுக்காக ஒரு ரிமைண்டர்கூட இல்லாமல் பணம் கட்டின வீடு அது ஒன்றுதான்.